ஹை வோல்டேஜ் வேப் தகராறு செய்தால்: எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது

வோல்டேஜை ஏற்றி இறக்கும் வேப்பை, அதாவது இ-சிகரெட்டை, நாள் முழுக்கக் கையில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. புகை குறைந்தால் வோல்டேஜை ஏற்றுவார்கள். ருசி மங்கினாலும் ஏற்றுவார்கள். தொண்டையில் பிடிப்பு இல்லை என்றால் இன்னும் கொஞ்சம். லண்டனில் வேப் கடைக் கவுண்டரில் நிற்கிற எனக்கு, பழுது என்று வரும் சாதனங்களைத் திறந்து பார்க்கும்போது பெரும்பாலும் தெரிவது இதுதான்: சின்னதாக ஒரு கோளாறு இருந்திருக்கிறது, அதை வோல்டேஜால் மூடி மறைத்திருக்கிறார்கள், அதில் இரண்டாவது கோளாறு சேர்ந்திருக்கிறது. மற்றதையெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் வோல்டேஜில் கை வைக்க வேண்டும். இந்த வழிமுறை முழுக்க அந்த வரிசையில்தான் போகும்.

பிரிட்டனில் 2025 ஜூன் 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப் விற்பனைக்குத் தடை வந்தது. அதன் பிறகு பேட்டரி மாற்றி, காயில் (லிக்விட்டில் நனைந்த பஞ்சைச் சூடாக்கும் கம்பிச் சுருள்) மாற்றி, தானே லிக்விட் ஊற்றிப் பயன்படுத்தும் பெட்டி போன்ற மாட் பக்கம் புதிதாக வந்தவர்கள் நிறைய. சிகரெட்டை விட்டுவிட்டு இதில் இருக்கிற பெரியவர்களுக்காக எழுதுகிறேன். சிகரெட் பழக்கமே இல்லாதவருக்கு இந்தச் சாதனம் தேவையில்லை. இந்தியாவில் இருந்து படிப்பவர்கள் கடைசிக்கு முந்தைய பகுதியை முதலில் படித்துவிடுங்கள்.

முதலில் கொஞ்சம் கணக்கு

வோல்டேஜ் எண்ணை மட்டும் பார்த்து எதையும் சொல்ல முடியாது. வோல்டேஜின் வர்க்கத்தைக் காயிலின் ஓம் எண்ணால், அதாவது மின்தடையால், வகுத்தால் வருவதுதான் வாட், அதாவது காயிலில் இறங்கும் சூடு. 2010ஐ ஒட்டிய காலத்தில் சாதாரண இ-சிகரெட் 3.7 வோல்ட்டில் ஓடியது, காயில் சுமார் 2.4 ஓம். கணக்குப் போட்டால் 6 வாட்டுக்கும் குறைவு. சிகரெட்டை விட்டு வந்தவர்களுக்கு அது போதவில்லை. அதே காயிலுக்கு 5 வோல்ட் கொடுத்தால் 10 வாட்டைத் தாண்டும். ஹை வோல்டேஜ் என்ற பேச்சு கிளம்பியது அங்கேதான்.

இன்று கடையில் கிடைக்கும் காயில்களில் ஓமும் வாட்டும் அச்சிட்டே வருகின்றன. 1.8 ஓம் காயிலில் 10 முதல் 14 வாட் என்று போட்டிருந்தால், நடுவில் 12 வாட்டுக்குச் சுமார் 4.6 வோல்ட் வேண்டும். 0.5 ஓம் காயிலுக்கு 25 வாட் வேண்டுமென்றால் 3.5 வோல்ட்டே போதும். ஆக, அந்த 1.8 ஓம் காயிலுக்கு 4.6 வோல்ட் மிதமான அளவு. 0.5 ஓம் காயிலை மாட்டி அதே 4.6 வோல்ட்டில் பட்டனை அழுத்தினால் 42 வாட் இறங்கும், பஞ்சு கருகிவிடும். காயிலை மாற்றும்போதெல்லாம் வோல்டேஜையும் திரும்பப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான். உங்கள் மாட்டில் வாட் முறை இருந்தால் அதிலேயே வையுங்கள், இந்தக் கணக்கை அதுவே போட்டுக்கொள்ளும்.

கருகிய வாடை வருகிறது

அதிகமாக வரும் புகார் இதுதான். "அண்ணா, இன்னைக்குக் காலையிலதான் காயில் மாத்தினேன், அதுக்குள்ள கருகுதுண்ணா" என்று சொல்லிக்கொண்டே கவுண்டரில் டேங்கை (காயிலும் லிக்விட்டும் இருக்கும் மேல்பகுதி) வைப்பார்கள். காயிலைக் கழற்றி, பக்கவாட்டில் இருக்கும் துளையை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளையாக இருக்க வேண்டிய பஞ்சில் காசு அளவுகூட இல்லாத ஒரு பழுப்பு வட்டம், நடுவில் கறுப்புப் புள்ளி. கம்பி தொட்ட இடம் அது. ஒருமுறை அந்தப் புள்ளி விழுந்துவிட்டால் என்ன செய்தாலும் போகாது. கழுவிக் காயவைத்துப் பயனில்லை, காயிலைத் தூக்கிப் போடுங்கள்.

புதுக் காயில் உடனே கருகுவதற்கு முதல் காரணம், பஞ்சு முழுக்க நனைவதற்குள் பட்டனை அழுத்தியது. காயிலின் பக்கத் துளைகளிலும் மேல் துளையிலும் சில சொட்டு லிக்விட் விடுங்கள். டேங்கை நிரப்பி ஒரு பத்து நிமிஷம் அப்படியே வையுங்கள். அப்புறம் அச்சிட்டிருக்கும் வாட் வரம்பின் அடிமட்டத்தில் தொடங்கி, பத்துப் பன்னிரண்டு இழுப்பில் மெல்ல மேலே போங்கள். அவசரப்பட்டால் காயில் காசு வீண்.

இரண்டாவது காரணம் லிக்விட். தாவரக் கிளிசரின் அதிகமுள்ள லிக்விட் கெட்டியாக இருக்கும். 1 ஓமுக்கு மேற்பட்ட சின்னக் காயில்களின் துளை வழியாக அது வேகமாக உள்ளே போகாது. பஞ்சு உலர்வதற்கும் நனைவதற்கும் இடையே ஓட்டப்பந்தயம், கம்பிதான் ஜெயிக்கும். அந்தக் காயில்களுக்குக் கிளிசரினும் புரொப்பிலீன் கிளைக்காலும் பாதிக்குப் பாதி இருக்கும் லிக்விட் சரி. 70 சதவீதக் கிளிசரின் லிக்விட்டைப் பெரிய துளையுள்ள குறைந்த ஓம் காயிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் மாட்டைக் காரில் விட்டுவிட்டுப் போய்க் காலையில் எடுத்தவர்களுக்கு, நேற்று வரை ஒழுங்காக இருந்த காயில் இன்று கருகும். குளிரில் லிக்விட் கெட்டியாகிவிடும். சட்டைப் பையில் கொஞ்ச நேரம் வைத்துச் சூடேற்றிய பிறகு பட்டனைத் தொடுங்கள்.

நான்கைந்து நாள் கழித்துத்தான் கருகல் தொடங்குகிறது, கம்பி மேல் கறுப்பாக அப்பியிருக்கிறது என்றால் லிக்விட்டில் இனிப்பு அதிகம். சுக்ரலோஸ் சேர்த்த இனிப்பு ரகங்கள், பார்க்கத் தெளிவாக இருந்தாலும், கம்பியில் பாகாகப் படிந்துவிடும். லிக்விட்டை மாற்றினால் அதே காயில் இரண்டு மடங்கு காலம் வருவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு இழுப்புக்கும் அடுத்ததற்கும் இடையே இடைவெளி விடாமல் தொடர்ந்து இழுப்பதும் இதே கதைதான். பஞ்சுக்குத் திரும்ப நனைய நேரம் வேண்டும்.

கருகல் வாடையோடு சமாளித்து இழுக்காதீர்கள். 2015 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் ஸ்டேட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு மருத்துவ இதழில் எழுதிய கடிதம் பெரிய சர்ச்சையானது. 3.3 வோல்ட்டில் அவர்களுக்கு ஃபார்மால்டிஹைட் என்ற நச்சுப் பொருளை வெளியிடும் சேர்மங்கள் தென்படவில்லை, அதே சாதனத்தை 5 வோல்ட்டில் ஓட்டியபோது தென்பட்டன. 5 வோல்ட்டில் அந்தச் சாதனம் பஞ்சு உலர்ந்த நிலைக்குப் போய்விடுகிறது, அந்தக் கசப்பை எந்த மனிதரும் இழுத்துக்கொண்டிருக்க மாட்டார் என்று மறுத்து வேறு ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். இரு தரப்பையும் சேர்த்துப் படித்தால் நமக்கு வேண்டியது கிடைக்கிறது: காயில் தாங்குவதற்கு மேல் வோல்டேஜ் கொடுத்து, அது கருகுவதையும் பொறுத்துக்கொண்டு இழுத்தால், உள்ளே போவது வேறு பொருள். நாக்கு சொல்வதைக் கேட்டு உடனே நிறுத்துங்கள்.

களகளவென்று சத்தம், வாயில் சொட்டுத் தெறிக்கிறது, அடியில் கசிகிறது

வோல்டேஜை ஏற்றினால் உண்மையிலேயே சரியாகக்கூடிய கோளாறு இது ஒன்றுதான், அதுவும் எப்போதும் இல்லை. காயிலுக்குத் தேவையான சூடு கிடைக்காவிட்டால் பஞ்சில் இறங்கிய லிக்விட் ஆவியாகாமல் உள்ளேயே தேங்கும். 10 முதல் 14 வாட் காயிலை 7 வாட்டில் ஓட்டினால் களகளவென்றுதான் சத்தம் வரும். வரம்புக்குள் கொண்டுவாருங்கள்.

வரம்புக்குள் இருந்தும் சத்தம் வந்தால், டேங்கைக் கழற்றி வாய்முனையைத் துணியில் கவிழ்த்துப் பிடித்து, அடிப்பக்கம் வழியாக வேகமாக ஊதுங்கள். தேங்கியது வெளியே வந்துவிடும். அதன் பிறகும் கசிந்தால் ரப்பர் ஓ-ரிங்கைப் பாருங்கள். காயிலின் மேல் முனையில் ஒன்று, கண்ணாடிக்கு மேலும் கீழும் ஒவ்வொன்று. பிசிறோ வெட்டோ இருந்தால் மாற்ற வேண்டும், டேங்க் வாங்கிய பெட்டியில் கூடுதலாகச் சில போட்டிருப்பார்கள். லிக்விட் ஊற்றும்போது நடுக் குழாயில் ஊற்றிவிடுவதும், மூடியைத் திறந்தபடி காற்றுத் துளையை மூடாமல் விடுவதும் கசிவைக் கொண்டுவரும். சிகரெட் மாதிரி கன்னம் ஒட்ட இழுக்காதீர்கள். மெல்ல, நீளமாக இழுத்தால் போதும்.

திரையில் ‘செக் அட்டமைசர்’ அல்லது ‘ஷார்ட்’ என்று வருகிறது

காயில் இருக்கும் டேங்கைத்தான் அட்டமைசர் என்கிறது. காயில் இருப்பதே மாட்டுக்குத் தெரியவில்லை என்பது முதலாவது. ஓம் எண் அளவுக்கு மீறிக் குறைவாகத் தெரிகிறது என்பது இரண்டாவது. இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றே: டேங்கைக் கழற்றி, அடியில் நடுவே இருக்கும் உலோகப் பின்னையும் மாட்டின் மேல் நடுவே இருக்கும் பின்னையும் உலர்ந்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். பெரும்பாலும் லிக்விட் படலம் ஒட்டியிருக்கும். காயில் டேங்கின் அடிப்பகுதியில் முழுதாக மரை ஏறியிருக்கிறதா, அழுத்தும் ரகம் என்றால் கடைசி வரை உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து வேறொரு டேங்கை மாட்டிப் பாருங்கள். அதுவும் வேலை செய்யவில்லை என்றால் கோளாறு மாட்டின் நடுப் பின்னில்தான். பழைய மாட்களில் டேங்கைப் பலம் கொண்ட மட்டும் இறுக்கி இறுக்கி அந்த நடுப் பின் உள்ளே அமுங்கிப்போயிருக்கும். ஸ்பிரிங் வைத்த பின் என்றால் விரல் நகத்தால் தொட்டாலே மேலும் கீழும் வர வேண்டும். விரலால் திருகி, தொட்டதும் நிறுத்துவதே போதுமான இறுக்கம்.

ஓம் எண் ஒரு இடத்தில் நிற்காமல் 0.48, 0.62, 0.5 என்று தாவினால் அதைச் சின்ன விஷயமாக விடாதீர்கள். எங்கேயோ தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். நிலையான வோல்டேஜில் வைத்திருக்கும்போது ஓம் தாவினால் வாட்டும் தாவும், ஒரு இழுப்பு சப்பென்று இருக்கும், அடுத்தது தொண்டையைச் சுடும். வோல்டேஜை மாற்றி மாற்றி இதைச் சரிக்கட்டப் பார்ப்பவர்கள்தான் அதிகம்.

பேட்டரி நிறைய இருக்கும்போதே ‘வீக் பேட்டரி’ என்கிறது

இங்கே மாட்டின் உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஒற்றை லித்தியம் பேட்டரி முழுதாக ஏறியிருக்கும்போது 4.2 வோல்ட், தீரும் நிலையில் 3.2 வோல்ட்டை ஒட்டி. அதைவிட அதிக வோல்டேஜ் காயிலுக்கு வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் பூஸ்ட் சர்க்யூட் ஏற்றிக் கொடுக்கிறது. சும்மா ஏற்றிக் கொடுப்பதில்லை, பேட்டரியிலிருந்து அதற்கேற்ப அதிக கரண்ட் இழுத்துத்தான் கொடுக்கிறது. 40 வாட்டில் வைத்திருந்தால், சர்க்யூட்டில் பத்தில் ஒரு பங்கு வீணாகிறது என்று கொண்டாலும், முழு பேட்டரியில் சுமார் 10.5 ஆம்பியர் போகும். பேட்டரி இறங்க இறங்க அது கூடி, கடைசியில் 14 ஆம்பியரை நெருங்கும். களைத்துப்போகிற நேரத்தில்தான் பேட்டரிக்கு அதிக வேலை.

வயதான பேட்டரி அந்தச் சுமையில் சட்டென்று வோல்டேஜை விட்டுவிடும். மாட் அதைப் பார்த்து ‘வீக்’ என்கிறது. பட்டனை விட்டதும் வோல்டேஜ் திரும்ப ஏறிவிடும், திரையில் பாதிக்கு மேல் இருப்பதாகக் காட்டும். வாட்டைக் குறைத்துப் பாருங்கள். குறைந்த வாட்டில் ஒழுங்காக ஓடினால் பேட்டரியை மாற்றும் நேரம் வந்துவிட்டது. அதற்கு முன் பேட்டரி அறையில் இரு முனைத் தகடுகளையும் துடைத்துவிடுங்கள், அங்கே கறை இருந்தாலும் இதே அறிகுறிதான். குளிர்காலத்திலும் இந்தச் செய்தி வரும். அறைச் சூட்டுக்கு வந்ததும் போய்விட்டால் பேட்டரியில் குறை இல்லை.

வாங்கும்போது மில்லி ஆம்பியர் மணியை மட்டும் பார்க்காதீர்கள். தொடர்ந்து எத்தனை ஆம்பியர் தரும் என்பதுதான் முக்கியம். சாம்சங் 25ஆர் போன்ற நம்பகமான 18650 அளவு (உருளை வடிவ) பேட்டரி 2500 மில்லி ஆம்பியர் மணிதான், ஆனால் 20 ஆம்பியர் தரும். அதே அளவு பேட்டரியில் 9900 என்று அச்சடித்து விற்கிறார்கள், அது பச்சைப் பொய். அதைக் கையில் எடுத்தவுடன் கீழே வையுங்கள்.

சாதனம் சுடுகிறது, அல்லது தானாகவே ஓடத் தொடங்குகிறது

டேங்கின் அடிப்பகுதி சூடாவது இயல்பு. தொடர்ந்து இழுத்தால் மாட்டின் மேல்பக்கம் வெதுவெதுப்பாகும், அதுவும் பரவாயில்லை. பேட்டரி இருக்கும் பக்கம் கையில் பிடிக்க முடியாமல் சுட்டால், பட்டனை விட்ட பிறகும் சூடு ஏறினால், அது வேறு.

பேட்டரியை எடுத்து அதன் மேலுறையைப் பாருங்கள். இந்த ஒரு சோதனையை எல்லோரும் இன்றைக்கே செய்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். 18650 பேட்டரியின் உலோக உடல் முழுக்க மைனஸ். மேல் முனையில் இருக்கும் சின்னக் குமிழ் மட்டும்தான் பிளஸ். இரண்டையும் பிரிப்பது ஒரு மெல்லிய வளையமும், அதன் மேல் காகிதம் போன்ற பிளாஸ்டிக் உறையும்தான். அறைக்குள் தள்ளித் தள்ளி அந்த உறை மேல் விளிம்பில்தான் முதலில் கிழியும், எறும்பு கடித்த அளவுக்கு வெள்ளி நிறம் எட்டிப்பார்க்கும். அந்த இடம் மாட்டின் உலோகத்தில் பட்டு, குமிழும் சேர்ந்து பட்டால் நேரடி ஷார்ட். புது உறை மிகக் குறைந்த விலை, கடையில் கேட்டால் சூடான காற்றில் சுருக்கிப் போட்டுத் தருவார்கள். உடலில் நசுங்கலோ பள்ளமோ இருந்தால் உறை மாற்றியும் பயனில்லை, அந்த பேட்டரியைக் கைவிடுங்கள்.

கூடுதல் பேட்டரியைச் சாவிக்கொத்தோடும் சில்லறையோடும் பைக்குள் போடக் கூடாது. ஒரு பவுண்டுக்குக் கிடைக்கும் பிளாஸ்டிக் டப்பா பெரிய காயத்தைத் தடுக்கும். இரண்டு பேட்டரி போடும் மாட் என்றால் இரண்டையும் ஒரே நாளில் வாங்கி, ஒன்றாகவே ஏற்றி, ஒன்றாகவே பயன்படுத்துங்கள். பழசும் புதுசும் கலந்தால் பலவீனமானது அளவுக்கு மீறி இறங்கிப்போகும். 2012 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்து நைஸ்வில் ஊரில் ஒருவருக்கு இ-சிகரெட் வாயிலேயே வெடித்துப் பற்களும் நாக்கின் ஒரு பகுதியும் போயின. பேட்டரிதான் காரணமாக இருக்கும் என்று தீயணைப்புத் துறையினர் கருதினார்கள். வோல்டேஜ் எண்ணைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் பேட்டரி உறையைப் பார்ப்பதில்லை என்பது எனக்கு உண்மையான கவலை.

தானாக ஓடத் தொடங்கினால் முதலில் பேட்டரியை வெளியே எடுங்கள். முடியாவிட்டால் டேங்கைக் கழற்றுங்கள், சுமை போய்விடும். பட்டனைச் சுற்றி லிக்விட் இறங்கி ஒட்டிக்கொள்வதுதான் வழக்கமான காரணம். அது உலர்ந்து வேலை செய்தாலும் அந்த மாட்டை நம்பாதீர்கள். பேட்டரி சீறினாலோ புகைந்தாலோ கையால் தொட வேண்டாம். விலகி, பக்கத்தில் இருப்பவர்களையும் வெளியே கூட்டிக்கொண்டு பிரிட்டனின் அவசர எண்ணான 999ஐ அழையுங்கள். பைக்குள் வைக்கும்போது பட்டனை ஐந்து முறை அழுத்திப் பூட்டுவதை மறக்காதீர்கள்.

சார்ஜ் ஏறவில்லை

இரண்டு முனையும் டைப்-சியாக இருக்கும் கேபிளைப் போட்டிருக்கிறீர்களா? விலை குறைந்த மாட்கள் பலவற்றில் அந்தக் கேபிளுக்கு வேண்டிய சின்ன ரெசிஸ்டர்களை வைப்பதில்லை, அதனால் சார்ஜர் மின்சாரமே அனுப்பாது. ஒரு பக்கம் பழைய அகலமான யூஎஸ்பி, மறுபக்கம் டைப்-சி உள்ள கேபிளை மாட்டுங்கள், ஏறும். பழுது என்று வருவதில் பல இந்த இடத்திலேயே முடிந்துவிடும். முடியவில்லை என்றால் போர்ட்டில் துணிப்பிசிறு. பேட்டரியைத் தனியாக எடுக்க முடிகிற மாட் என்றால் வெளி சார்ஜரில் ஏற்றுவதே நல்லது. படுக்கை மேல் வைத்து ராத்திரி முழுக்க ஏற்ற வேண்டாம்.

தொண்டை எரிகிறது, தலை சுற்றுகிறது

சாதனத்தில் குறை தேடுவதற்கு முன் லிக்விட் பாட்டிலைப் பாருங்கள். பிரிட்டனில் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் நிகோடின்தான் உச்சம். அந்த 20ஐ, சின்னக் குப்பியைச் செருகும் பாட் சாதனத்தில் 12 வாட்டில் இழுப்பது ஒன்று, அதே பாட்டிலை 40 வாட் டேங்கில் ஊற்றுவது வேறு. ஒரு இழுப்பில் ஆவியாகும் லிக்விட் பல மடங்கு கூடும், நிகோடினும் அதோடு கூடும். தலைசுற்றல், குமட்டல், தலைவலி என்றால் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்து உட்காருங்கள். பெரிய டேங்குக்கு 3 அல்லது 6 மில்லிகிராம் லிக்விட் போதும். குமட்டல் அடங்காவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். வாய் உலர்வது கிளிசரினும் கிளைக்காலும் ஈரத்தை உறிஞ்சுவதால். லிக்விட் பாட்டிலைக் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டியே வையுங்கள். விழுங்கிவிட்டால் உடனே மருத்துவமனை.

ஊருக்குப் போகும்போது

விமானத்தில் ஏறியதும் டேங்க் கசிவது கோளாறே இல்லை. உள்ளே காற்றழுத்தம் குறையும், டேங்கில் இருக்கும் காற்று விரிந்து லிக்விட்டை வெளியே தள்ளும். காலி செய்துவிட்டு ஏறுங்கள். மாட்டும் பேட்டரிகளும் கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது.

ஆனால் இந்தியாவுக்குப் போகிறவர்கள் இதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். 2019இல் வந்த சட்டப்படி அங்கே இ-சிகரெட் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாம் தடை. முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்கள் இன்னும் கவனம், அங்கே கையில் வைத்திருப்பதே குற்றம். பயணக் காலத்துக்கு நிகோடின் பேட்ச் அல்லது சூயிங் கம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மருந்துக் கடையில் கேட்டால் உங்கள் அளவுக்கு ஏற்றதைச் சொல்வார்கள்.

பழைய பேட்டரியும் பழைய மாட்டும்

குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், குப்பை லாரியில் நசுங்கித் தீப்பிடிக்கும். பிரிட்டனில் வேப் விற்கும் கடைகள் பழைய வேப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது விதி, பேட்டரி அதிகம் விற்கும் சூப்பர்மார்க்கெட்களிலும் வாசலருகே பெட்டி இருக்கும். போடுவதற்கு முன் 18650இன் இரண்டு முனைகளிலும் டேப் ஒட்டிவிடுங்கள். உறை கிழிந்த பேட்டரி என்றால் உடல் முழுக்கச் சுற்றி ஒட்டி, கவுண்டரில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுக் கையில் கொடுங்கள்.